முதல் ஆசிரியரும் முந்திய எழுத்தும்

பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூரில் இருந்துகொண்டு கிர்கீசிய நாட்டுப் புல்வெளிக் கதையொன்றைத் திறனாய்வதில் என்ன பொருத்தம் என்று வாசகர் வினவக்கூடும். கடலை பறிப்புக் காலத்தில் பாதிப் பாய்கள் காலியாகக் கிடக்க, வந்து சேர்ந்த பிள்ளைகளும் களைப்பால் கண்ணயர, அவர்களுக்கு அலிஃபும் அகரமும் சொல்லிக் கொடுத்த எவரும் அப்பொருத்தத்தைச் சொல்லாமலே அறிவர்.

சிங்கிஸ் ஐத்மாத்தவ் 1962இல் வெளியிட்ட 'முதல் ஆசிரியர்' என்னும் குறுநாவல், மாஸ்கோப் பதிப்பாகத் தமிழில் வந்து பல இல்லங்களில் இடம்பெற்ற நூல். 1924இல் குர்குரெவு என்னும் சிற்றூருக்குத் துய்ஷேன் என்ற இளைஞன் பழைய இராணுவ மேலங்கியுடன் வந்து சேர்கிறான். குன்றின் மேல் செல்வர் ஒருவரின் கைவிடப்பட்ட குதிரை லாயத்தைத் தானே செப்பனிட்டுப் பள்ளியாக்குகிறான். அவனுக்கே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். பிள்ளைகளோ அடுப்புக்குச் சாணம் பொறுக்கப் போகிறவர்கள். உறைபனி ஓடையில் அவர்களைத் தோளிலும் இடுப்பிலும் சுமந்து அக்கரை சேர்க்கிறான். குதிரை மீது செல்லும் செல்வர்கள் அதைக் கண்டு நகைக்கிறார்கள். அல்தினாய் என்னும் அநாதைச் சிறுமியை அவளுடைய சிற்றன்னை ஒருவனுக்கு இளைய தாரமாக விற்றுவிட, தடுக்கப் போன ஆசிரியன் அடிபட்டுக் கை முறிகிறான். அவளை மீட்டு நகரத்துக்குப் படிக்க அனுப்புபவனும் அவனே. அவள் பேரறிஞராகி, புதிய பள்ளியின் திறப்பு விழாவுக்கு ஊர் திரும்பும் நாளில், முதுமையடைந்த துய்ஷேன் தபால்காரராகத் தந்திகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, விருந்துக்கு அமராமலே போய்விடுகிறார். உள்ளே இருப்பவர்கள் அவருடைய பழைய பள்ளிக்கூடத்தைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இந்தத் தபால்காரர் காட்சி ஒன்றே நூலாசிரியரின் பெருமைக்குப் போதும். கதையை ஓர் ஓவியர் சொல்வதாகத் தொடங்கி, எந்தக் காட்சியை வரைவது என்று அவர் ஏங்குவதாக முடிப்பது எனக்கு மிகையாகவே படுகிறது. ஆனால் ஓடையைக் கடக்கும் பகுதியில் ஒரு சொல்லும் மிகையில்லை. ஆசிரியருக்குக் கல்வி எவ்வளவு என்பதைக் காட்டிலும் அவர் எவ்வளவு தூரம் நடந்து வந்தார் என்பதே வறுமைக் காலத்தில் கணக்கில் வரும் என்பதை அது வாதிடாமல் காட்டிவிடுகிறது. 1916 கிளர்ச்சியில் எண்ணற்ற கிர்கீசியர் மலை கடந்து சீனத்துக்கு ஓடி வழியிலேயே மடிந்தனர். அதற்கு எட்டே ஆண்டுகள் கழித்து, அந்த மக்களிடத்திலே ஒருவன் பலகையும் சுண்ணமும் வேண்டும் என்று கேட்கிறான். பசித்த பிள்ளை பாடம் கேளாது என்பதை நம் மாநிலம் 1956இல் காமராசர் காலத்து மதிய உணவாலும், 1982இல் சத்துணவாலும் ஒப்புக்கொண்டது. துய்ஷேனின் பள்ளியில் அடுப்பு இருந்தது, உலை இருந்ததில்லை.

இனி என் மாறுபாடு. 'முதல்' என்ற சொல்லில்தான் அது தொடங்குகிறது. துய்ஷேன் கற்பித்த எழுத்து எது? இக்கேள்வி கதைக்குள் எழவேயில்லை. கிர்கீசிய மொழியின் முதல் செய்தித்தாளான 'எர்கின் தோ' 1924 நவம்பர் 7இல் வெளிவந்தபோது அரபு எழுத்திலேயே அச்சாயிற்று. இலத்தீன் எழுத்து அதன் பின்னர்தான் புகுந்தது. 1940களின் தொடக்கத்தில் அதுவும் போய் ருஷ்ய எழுத்து வந்தது. அவ்வாறாயின் லெனின் படத்தின் கீழ் அமர்ந்து அல்தினாய் முதன்முதல் எழுதியவை நம் மக்தப் பிள்ளைகள் எழுதும் எழுத்துகளாகவே இருந்திருக்க வேண்டும். அம்மொழிக்கு அரிச்சுவடி தந்த இஷெனாலி அரபாயெவ் உஃபாவின் மத்ரஸாவில் பயின்றவர்; 1933இல் காவலிலேயே இறந்தார். அவர் போன்றோர் கதையில் இல்லை. நூலாசிரியரை இதற்காகக் கடிந்துகொள்ளவும் மனம் வரவில்லை. அவருடைய தந்தையாரை அதே அரசு 1938இல் சுட்டுக் கொன்றது. உடல் புதைந்த இடம் 1991இல்தான் வெளிப்பட்டது. அப்படிப்பட்ட மகன் எதை எழுத இயலும், எதை விட்டுவிட நேரும் என்பதை எண்ணிப் பார்த்தே நூலை அணுக வேண்டும்.

எழுத்து மாறினால் கற்றவர் கல்லாதவராவர் என்பதை நான் வீட்டிலேயே கண்டிருக்கிறேன். லெப்பைக்குடிக்காட்டில் பிறந்த என் பாட்டியார் அரபுத் தமிழ் ஏடுகளைத் தடையின்றி ஓதுவார். கூட்டுறவுச் சங்கத்தில் அவரிடம் கைந்நாட்டே வாங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று பதிந்தார்கள். அவரும் மறுக்கவில்லை.

ஆயினும் நம்மவர் பக்கம் நின்று மட்டும் இந்நூலை எதிர்ப்பது நேர்மையாகாது. அல்தினாய் சாணம் பொறுக்கிக்கொண்டிருந்த நாளில், அவளைத் தேடி ஓதுவிக்க எந்த உஸ்தாதும் வந்ததாகத் தெரியவில்லை. கற்க வந்தவருக்கு நம் கதவு திறந்திருந்தது மெய்தான். துய்ஷேன் கதவருகே நிற்கவில்லை. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைத் திரட்டிக் கையோடு அழைத்து வந்தான். கதையின் உயிர் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. இதைக் கட்சிப் பிரசாரம் என்று தள்ளிவிடும் நம் விமர்சகர்கள் இந்தப் பக்கங்களை அவசரமாகப் புரட்டிவிட்டார்கள் போலும்.

நான் ஓதுவிக்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டு, மழை பொய்த்தது. யாஸீன் சூராவைப் பிழையின்றி ஓதிய பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி வெங்காயக் காட்டு வேலைக்குப் போய்விட்டாள் என்று அவள் தம்பி வந்து சொன்னான். அவள் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். அவ்வாண்டு ஓடையில் கணுக்கால் அளவு நீரும் இல்லை. வருகைப் பதிவில் அவள் பெயரை அடித்துவிட்டு மறுநாள் பாடத்தைத் தொடங்கினேன்.