நாட்ரான் ஏரியையும் லெங்காய் எரிமலையையும் எப்படி ரசிப்பது?

தான்சானியாவுக்கு சஃபாரி போகிறவர்கள் பெரும்பாலும் செரங்கெட்டியில் சிங்கம், ங்கோரோங்கோரோவில் காண்டாமிருகம் என்று பட்டியல் போட்டுக்கொண்டுதான் ஜீப்பில் ஏறுகிறார்கள். அதே பட்டியலோடு நாட்ரான் ஏரிக்கு வந்தால் ஏமாற்றமே மிஞ்சும். கென்ய எல்லையை ஒட்டிய இந்த வறண்ட பள்ளத்தாக்கில் வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் உண்டு. ஆனால் இங்கே கதாநாயகன் சோடா, அதாவது சோடியம் கார்பனேட் உப்புதான். மலையில் பிறந்து, ஏரியில் தேங்கி, ஒரு பறவையினத்துக்கே அரணாக நிற்கும் அந்தச் சோடாவின் வழித்தடத்தைப் பின்தொடர்ந்தால் நாட்ரான் தன்னைத் திறந்து காட்டும்.

முதலில் மலையைப் பார்க்க வேண்டும். ஆருஷாவிலிருந்து ம்டோ வா ம்பு, எங்காருகா வழியாக வடக்கே வரும்போது இடப்பக்கம் பிளவுப் பள்ளத்தாக்கின் செங்குத்துச் சுவர் கூடவே வரும். எதிரே, 2,900 மீட்டருக்கும் மேல் உயர்ந்த ஓல் டோய்ன்யோ லெங்காய் தனித்து நிற்கும். மாசாய் மக்களுக்கு அது அவர்களுடைய கடவுள் என்காய் குடியிருக்கும் மலை. மழை பொய்த்தாலும் பிள்ளை வரம் வேண்டினாலும் அவர்கள் கைகூப்பும் திசை அது.

உச்சிச் சரிவில் தெரியும் வெண்மையைப் பனி என்று நினைத்துவிடக் கூடாது. அது லாவா. நாட்ரோகார்பனடைட் என்ற சோடியம் கார்பனேட் மிகுந்த லாவாவைக் கக்கும் எரிமலையாக இன்று உலகில் அறியப்பட்டது இது ஒன்றுதான். மற்ற எரிமலைகளின் பசால்ட் குழம்பு 1,100 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொதிக்கும். லெங்காயின் குழம்புக்கு 500 முதல் 600 டிகிரி போதும். பகலில் அது கறுப்பு ஆயில் போல வழிந்தோடும். இருட்டில்தான் மங்கிய சிவப்பு தெரியும். காற்றின் ஈரம் பட்டதும் நிறம் மாறத் தொடங்கிச் சில நாட்களிலேயே வெளுத்துவிடும். 1960-இல் மலையேறிய புவியியலாளர் பாரி டாசன் இதை ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தார்.

ஏற நினைப்பவர்கள் நள்ளிரவையொட்டிக் கிளம்புகிறார்கள். பகல் வெயிலில் அந்தச் சாம்பல் சரிவு ஏறக்கூடியதல்ல. 2007, 2008-இல் நடந்த வெடிப்புகள் உச்சியைக் குடைந்து ஆழமான பள்ளமாக்கிவிட்டதால், இப்போது விளிம்பில் நின்றுதான் எட்டிப்பார்க்க முடியும். முழங்கால் வலிக்காரர்கள் வருந்த வேண்டாம். அடிவாரத்திலிருந்து மாலை வெயிலில் பார்த்தாலும் சரிவெங்கும் மழை அரித்த ஓடைகள் ஒவ்வொன்றும் நிழல் கட்டித் தெளிவாகத் தெரியும்.

அடுத்தது ஏரி. நீளம் சுமார் 57 கிலோமீட்டர். ஆழமோ மூன்று மீட்டரைத் தாண்டாது. கென்யாவிலிருந்து வரும் எவாசோ ஙிரோ ஆறும், எரிமலைப் பாறைகளைக் கரைத்துவரும் வெந்நீர் ஊற்றுகளும் இதை நிரப்புகின்றன. தண்ணீர் வெளியேற வழியில்லை. வெயில் நீரைக் குடிக்க, சோடா தங்குகிறது. கரையோரம் குனிந்து பார்த்தால், பலகோணத் தட்டுகளாக வெடித்த வெள்ளை ஓடும் அதன் விளிம்புகளில் நிமிர்ந்த படிகங்களும் தெரியும். வறண்ட காலத்தில் உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள் பெருகி நீரைச் சிவக்க வைக்கும். ஊற்று நீர் வந்து சேரும் ஓரங்களில் விரல் நீளம்கூட இல்லாத திலாப்பியா மீன்கள் நீந்துவதையும் கவனிக்கலாம். சோடா நீரின் காரத்தன்மைக்கும் சூட்டுக்கும் பழகிய இனங்கள் அவை.

இந்த ஏரி தொட்டதையெல்லாம் கல்லாக்கும் என்று ஒரு கதை உலவுகிறது. 2013-இல் வெளியான நிக் பிராண்டின் புகைப்படங்களே அதற்குக் காரணம். கரை ஒதுங்கி, சோடாவில் உலர்ந்து பதமாகிக் கிடந்த பறவை உடல்களை அவர் கிளைகளில் உட்கார வைத்துப் படமெடுத்தார். படங்கள் அற்புதமானவை, கல்லாகும் கதை மட்டும் உண்மையல்ல.

உண்மை அதைவிட வியப்பானது. இந்தக் காரம்தான் இங்கே உயிரைக் காக்கிறது. உலகின் சிறு பூநாரைகளில் முக்கால் பங்கு நாட்ரானில் பிறப்பதாக மதிப்பிடுகிறார்கள். நடு ஏரிச் சேற்றில் மண்ணைக் குவித்து, மேட்டுக்கு ஒரு முட்டையாக இடுகின்றன. நரியோ கழுதைப்புலியோ அந்தச் சேற்றைக் கடந்து வராது. 1950-களில் கூடுகளைத் தேடி நடந்துபோன பறவையியலாளர் லெஸ்லி பிரவுன் கால்கள் வெந்து மருத்துவமனையில் கிடக்க நேர்ந்தது.

பழவேற்காட்டிலோ கோடியக்கரையிலோ பெரும் பூநாரை பார்த்துப் பழகியவர்கள் இங்கே அலகைக் கவனிக்க வேண்டும். பெரும் பூநாரையின் அலகு வெளிர் இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. சிறு பூநாரைக்கு அலகே கருஞ்சிவப்பு. அந்த அலகைத் தலைகீழாக நீரில் வைத்து நீலப்பச்சைப் பாசியை வடிகட்டித் தின்னும். இறகின் நிறம் அந்தப் பாசியிலிருந்து வருவது. பைனாகுலர் இல்லாமல் போனால் இந்தக் காட்சியில் பாதி போய்விடும்.

தெற்குக் கரையில் எங்காரே செரோ கிராமத்தருகே, இறுகிய எரிமலைச் சாம்பலில் 400-க்கும் மேற்பட்ட மனிதக் காலடித் தடங்கள் இருக்கின்றன. குறைந்தது 5,000 ஆண்டுப் பழமை கொண்டவை. அவற்றில் 17 பேர் சேர்ந்து நடந்த ஒரு தடத்தில் 14 பேர் பெண்களாக இருக்கலாம் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. காலை வெயில் சாய்வாக விழும்போது குதிகாலும் பெருவிரலும் தனித்தனியாகத் தெரியும்.

ஏரியின் சோடாவை எடுக்க 2000-களில் ஆலை ஒன்று திட்டமிடப்பட்டது. பூநாரைகளுக்காக எதிர்ப்பு எழுந்தது. 2008-இல் டாட்டா கெமிக்கல்ஸ் அதிலிருந்து விலகிக்கொண்டது.

காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்று சொல்லும் பயணத் திட்டத்தை ஏற்காதீர்கள். ஒரு மாலை, ஒரு விடியல், இரண்டும் வேண்டும். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். உள்ளூர் மாசாய் வழிகாட்டி இல்லாமல் சோடா ஓட்டின் மேல் கால் வைக்காதீர்கள்.