அறியாமையில் உருவாகும் நடிப்பு: ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ தொடரை முன்வைத்து

தொலைக்காட்சித் தொடரில் நடிப்பவர் தம் பாத்திரத்தின் எதிர்காலத்தை எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பது, நடிப்பை மதிப்பிடும் முறையையே பாதிக்கும் வினாவாகும். பிபிசியின் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ தொடரில் 2009 கிறிஸ்துமஸ் அன்று ஆர்ச்சி மிட்செல் என்னும் பாத்திரம் கொல்லப்பட்டது. கொலையாளி ஸ்டேசி என்பது 2010 பிப்ரவரி 19 அன்று நேரலையில் வெளிப்பட்டது. ஸ்டேசியாக நடித்த லேசி டர்னருக்கு இம்முடிவு ஒளிபரப்புக்குச் சுமார் அரை மணி நேரம் முன்புதான் தெரிவிக்கப்பட்டது.

எனவே, இடைப்பட்ட எட்டு வாரக் காட்சிகளில் குற்றத்தை மறைப்பவராக அவர் திட்டமிட்டு நடித்திருக்க இயலாது. ஆயினும் முடிவை அறிந்தபின் அக்காட்சிகளை மீண்டும் காணும் பார்வையாளருக்கு ஸ்டேசியின் மௌனமும் தயக்கமும் குற்றவுணர்வாகவே தோன்றக்கூடும். பின்வந்த கதைத்திருப்பம் முன்னைய நடிப்பின்மீது ஏற்றிய பொருள் அது. முழுப் பிரதியையும் பயின்று மேடையேறும் நாடக நடிகருக்குரிய அளவுகோல் இங்குப் பொருந்தாது. இதனால் டர்னரின் திறன் குறைவதில்லை. எம்முடிவுக்கும் இடந்தரும் வகையில் பாத்திரத்தை நிலைநிறுத்தியதே அவரது சிறப்பு. நடிகர் எதை எப்போது அறிந்தார் என்பதையும் தொடர்களைப் பற்றிய திறனாய்வு சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.