டெபியனா, உபுண்டுவா?

டெபியன், 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய லினக்சு வழங்கல். அதை அடித்தளமாகக் கொண்டு கனோனிக்கல் நிறுவனம் 2004-இல் உபுண்டுவை வெளியிட்டது. இரண்டும் இலவசம், இரண்டும் திறமூல இயங்குதளங்கள். இவற்றை வேறுபடுத்துவது, முடிவெடுப்பவர் யார் என்பதே.

புதியவருக்கு லினக்சை எளிதாக்கியது உபுண்டுவின் பெரும் பங்களிப்பு. ஆனால் 2012-இல் வந்த 12.10 பதிப்பு, பயனர் தம் கணினியில் தேடிய சொற்களை இணையத்துக்கு அனுப்பி, அமேசான் விற்பனைப் பொருள்களையும் காட்டியது. கடும் எதிர்ப்பு எழுந்தும், 2016-இன் 16.04 பதிப்பில்தான் அது இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டது.

டெபியன் தன்னார்வலர்களுடையது, தலைவரை உறுப்பினர்களே ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கின்றனர். கட்டற்றதல்லாத நிலைபொருள் அதன் நிறுவல் வட்டில் இல்லாததால், பல மடிக்கணினிகளில் வைஃபை இயங்காமல் புதியவர்கள் திணறினர். 2022-இல் உறுப்பினர்கள் வாக்களித்து இந்நிலையை மாற்றினர். 2023-இல் வெளிவந்த டெபியன் 12 முதல் அக்குறை பெரிதும் நீங்கியது.

நிறுவனத்தின் கட்டண ஆதரவு தேவைப்படுவோருக்கு உபுண்டு பொருந்தும். தம் கணினியில் வணிக நோக்கம் நுழையக்கூடாது எனக் கருதுவோர் டெபியனின் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். டெபியன் இன்றி உபுண்டு இல்லை என்பதையும் தெரிவு செய்வோர் மறக்கலாகாது.