ஹீலோவில் வெல்வது வரிசையே

ஹவாய்ப் பெருந்தீவின் கிழக்குக் கரையிலுள்ள ஹீலோ நகரில், ஈஸ்டர் திருநாளை ஒட்டிய வாரத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் மெர்ரி மொனார்க் விழாவின் போட்டிகள், ஹூலா ஆட்டக்காரர்களிடையே மிக உயர்ந்த மதிப்புடையவை. வியாழன் இரவு தனியாட்டம், வெள்ளி இரவு பழைய முறைக் குழுவாட்டம், சனி இரவு புதிய முறைக் குழுவாட்டம் என அவை மூன்று இரவுகளுக்குப் பகுக்கப்பட்டுள்ளன. வியாழன் இரவில் மிஸ் அலோஹா ஹூலா பட்டம் சூடும் இளம்பெண்ணின் படமே செய்திகளில் முதலிடம் பெறுகிறது என்றாலும், இந்தக் கலை அதற்குரிய மக்களிடையே எவ்வளவு ஆழமாகக் கைமாறியிருக்கிறது என்பதை அறிய விரும்புவோர் அடுத்த இரண்டு இரவுகளின் குழுவரிசையைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். தனியாட்டத்தில் ஒருவரின் திறமை தெரிகிறது. வரிசையில் ஒரு பள்ளி முழுவதும் எதை எப்படிக் கற்றது என்பது மறைக்க முடியாதபடி வெளிப்படுகிறது.

ஹூலாவில் சொல்லே முதன்மையானது. மெலே எனப்படும் பாடல் இல்லாமல் ஹூலா இல்லை. கைகள் பாடலின் பொருளைக் காட்ட, கால்கள் தாளத்தைத் தாங்குகின்றன. பக்கவாட்டில் நகரும் காஹோலோ, குதிகால்களை உயர்த்தி முழங்கால்களை வெளிப்புறம் தள்ளும் உவெஹே, இடுப்பைச் சுழற்றும் அமி போன்ற அடவுகள் எண்ணிக்கையில் அதிகமில்லை. அவற்றைச் சில மாதங்களில் உடலுக்குப் பழக்கிவிடலாம். பாடலின் அடிகளுக்குள் இருக்கும் இடப்பெயர்களையும் காற்றின் பெயர்களையும் மறைபொருளையும் உணர்ந்து கையை உயர்த்துவதற்குத்தான் ஆண்டுகள் பிடிக்கின்றன. ஒரு சரணம் முடியும் தறுவாயில் ஆடுவோர், அடுத்த சரணத்தின் தொடக்கச் சொற்களை உரக்கச் சொல்லிப் பாடகருக்கு எடுத்துக்கொடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அதற்குக் காஹேயா என்று பெயர். அந்தக் குரல் வரிசை முழுவதிலிருந்தும் ஒரே மூச்சில் எழுந்தால், ஆடுவோர் அடுத்து வருவதை அறிந்தே ஆடுகிறார்கள் என்று கொள்ளலாம். முன்வரிசையில் மட்டும் எழுந்தால், பின்னாலிருப்போர் முன்னாலிருப்போரின் முதுகைப் பார்த்து ஆடுகிறார்கள் என்பது தெளிவாகிவிடும்.

வெள்ளி இரவின் பழைய முறைக்கு ஹூலா கஹிகோ என்று பெயர். இதில் கிட்டாரோ உகுலேலேயோ இடம்பெறுவதில்லை. ஹூலா ஆசிரியராகிய கூமு, இரண்டு சுரைக்குடுக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்த இபூ ஹெகெ என்னும் கருவியுடன் தரையில் அமர்ந்து பாடுவார். குடுக்கையின் அடிப்பாகத்தை விரிப்பின் மீது இடிக்கும்போது ஆழ்ந்த முழக்கமும், பக்கத்தை விரல்களால் தட்டும்போது கூரிய ஒலியும் பிறக்கின்றன. இவ்விரு ஒலிகளின் மாறுபட்ட கோப்புகளே ஆட்டத்தின் தாளக்கட்டு முழுவதும். இந்த எளிமையில் பிழைக்கு மறைவிடம் கிடையாது. சில பாடல்களில் ஆடுவோரே கருவியையும் ஏந்துகிறார்கள்: ஒவ்வொரு கையிலும் நீர் தேய்த்து வழவழப்பாக்கிய எரிமலைக் கற்கள் இரண்டை வைத்து ஒலிக்கச் செய்யும் இலிஇலி ஆட்டத்தில், ஒரே ஒருவரின் கற்கள் இமைப்பொழுது பிந்தினாலும் அந்தத் தனி ஒலி அரங்கின் கடைசி வரிசைவரை கேட்கும்.

நடுவர்கள் நடன அசைவுகளுக்கு மட்டும் மதிப்பெண் இடுவதில்லை. மேடைக்குள் வரும்போது ஆடும் காஇ என்னும் நுழைவாட்டமும், வெளியேறும்போது ஆடும் ஹோஇ என்னும் விடையாட்டமும் தனித்தனியே மதிப்பிடப்படுகின்றன. உடையும் தலையிலும் கழுத்திலும் அணியும் இலை மலர் மாலைகளும் பாடலின் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்துகின்றனவா என்பதும் கணக்கில் வருகிறது. பாடலின் மூலம், பொருள், அதைத் தேர்ந்த காரணம் ஆகியவற்றை விளக்கும் எழுத்துக் குறிப்பையும் ஒவ்வொரு பள்ளியும் அளிக்க வேண்டியிருப்பதால், போட்டிக்குத் தயாராவது என்பது பாதி ஆராய்ச்சியாகிவிடுகிறது. இந்த விதிமுறைதான் விழாவின் மிகப்பெரிய சாதனை என்று துணிந்து கூறலாம்.

இத்தகைய ஆராய்ச்சி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு வரலாறு விடை தருகிறது. 1820-இல் அமெரிக்கக் கிறித்தவ மதபோதகர்கள் வந்திறங்கினர். 1830-இல் அரசி காஅஹுமனு பொது இடங்களில் ஹூலா ஆடுவதைத் தடைசெய்தார். கலை வீடுகளுக்குள்ளும் ஒதுக்குப்புறக் கிராமங்களுக்குள்ளும் ஒடுங்கியது. 1874 முதல் 1891 வரை ஆண்ட மன்னர் கலாகௌவா, 1883-இல் தம் முடிசூட்டு விழாவில் ஹூலாவை வெளிப்படையாக ஆடச் செய்தபோது, அதன் நிகழ்ச்சி நிரலை அச்சிட்டதற்கே ஆபாச வழக்கு தொடரப்பட்டது. உல்லாச மன்னர் என்று பொருள்படும் விழாப்பெயர் அவரையே குறிக்கிறது. 1893-இல் முடியாட்சி கவிழ்க்கப்பட்ட பிறகு, 1896-இல் வந்த சட்டம் பள்ளிகளிலிருந்து ஹவாய் மொழியை வெளியேற்றியது. 1978-இல்தான் அது மீண்டும் மாநிலத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. மொழி அறுந்த மூன்று தலைமுறைகளுக்குப் பிறகு, பொருள் புரியாத சொற்களுக்குக் கையசைக்கும் நிலை பலருக்கு நேர்ந்ததில் வியப்பில்லை.

விழாவின் தொடக்கம் இவ்வளவு உயர்ந்த நோக்கம் உடையதாக இருக்கவில்லை. 1960 மே மாதத்தில் சுனாமி ஹீலோவில் 61 உயிர்களைக் கொண்டுபோய் நகரின் வணிகத்தையும் சிதைத்தது; சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கும் முயற்சியாக 1964-இல் தொடங்கிய கொண்டாட்டம் சில ஆண்டுகளிலேயே களைத்துப்போனது. டாட்டி தாம்ப்சன், கூமு ஜார்ஜ் நாஓபே முதலியோர் அதை ஹூலாவின் பக்கம் திருப்ப, 1971-இல் பெண்களுக்கான போட்டியும் 1976-இல் ஆண்களுக்கான போட்டியும் வந்தன.

போட்டியின் உண்மையான களம் ஹாலாவ் எனப்படும் ஹூலா பள்ளியே. மாணவர்கள் வாசலில் நின்று, உள்ளே வர அனுமதி கோரும் ஓலி என்னும் இசைக்கூற்றைப் பாடுகிறார்கள். ஆசிரியர் உள்ளிருந்து மறுமொழி பாடும்வரை காத்திருக்கிறார்கள். காட்டில் இலையும் பெரணியும் பறிக்கும் முறை, மாலை தொடுத்தல், கருவி செய்தல், பரம்பரை உரைத்தல் யாவும் பாடமே. முழுப் பயிற்சி முடிந்தவர்க்கு ஊனிகி என்னும் தேர்ச்சிச் சடங்கு நடைபெறுகிறது. 1970களின் தொடக்கத்தில் மைகி ஐயு லேக், ஆசிரியராவதற்கான பயிற்சியையே வகுப்பாகத் திறந்துவைத்தது பெரும் திருப்பம். அவரிடம் பயின்ற ராபர்ட் கசிமேரோ 1975-இல் ஆண்களுக்கென்றே தொடங்கிய பள்ளி, முப்பது ஆண்டுகளுக்குப் பின் 2005-இல் ஹீலோவில் வெற்றி பெற்றது.

சனி இரவின் புதிய முறையாகிய ஹூலா அவுவானா, கடல் கடந்து வந்த இசையை உள்வாங்கி வளர்ந்தது. 1879-இல் ராவன்ஸ்கிராக் என்னும் கப்பலில் மதேராத் தீவிலிருந்து வந்த போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சிறு நரம்புக் கருவியிலிருந்து உகுலேலே பிறந்தது. அதற்கும் பல பத்தாண்டுகள் முன்பே, மாடு மேய்க்கும் பணிக்கு மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள் வழியே கிட்டார் பரவியிருந்தது. ஹவாய் மக்கள் அதன் நரம்புகளைத் தளர்த்தி, விரல் வைக்காமலேயே இணைசுரம் ஒலிக்குமாறு அமைத்துக்கொண்டனர். கீ ஹோஅலு எனப்படும் இச்சுருதியமைப்புகள் நெடுங்காலம் குடும்ப இரகசியங்களாகக் காக்கப்பட்டன. கேபி பஹினுயியின் இசைத்தட்டுகள் அவ்வாசிப்பைப் பரவலாகக் கேட்கச் செய்தன. 1973-இல் கியோலா பீமர் அதைப் பயிற்சி நூலாகவே வெளியிட்டார். வீட்டு முற்றத்தில் உறவினரும் அண்டை வீட்டாரும் கூடி, முன்னேற்பாடின்றி இசைக்கும் கனிகபிலா என்னும் வழக்கமே இந்த இசையின் தாய்வீடு. சனி இரவில் இசைக்கலைஞரும் வரிசையும் ஒருவருக்கொருவர் இடம் விட்டு இயங்கும் அழகு, அங்கே பழகியதன் பயனாகவே வாய்க்கிறது; பதிவுசெய்த இசைக்கு ஒத்திகை பார்த்தவர்களிடம் அதைக் காண முடியாது.

கலையைப் போட்டியாக்கலாமா என்ற எதிர்ப்பு வலுவானது, நியாயமானதும்கூட. ஹீலோவில் போட்டி அரங்கமே ஆசிரியையும் பாடகியுமான எடித் கனகாஓலேயின் பெயரைத் தாங்குகிறது. அவருடைய குடும்பத்தின் பள்ளியான ஹாலாவ் ஓ கெகுஹி, போட்டியில் இறங்காமல், புதன் இரவின் ஹோஇகே என்னும் கட்டணமற்ற காட்சி நிகழ்ச்சியில் ஆடுவதற்குப் பெயர்பெற்றது. முழங்கால்களை ஆழ மடித்து, உடலைத் தரைக்கு நெருக்கமாகத் தாழ்த்தி ஆடும் அய்ஹாஅ என்னும் அதன் முறையில், வரிசையின் நேர்த்தியைவிட வரிசையின் எடை முக்கியம். நடுவர் மேசைக்கு முன்னால் ஆடும் பள்ளிகள் அண்மைக் காலத்தில் வேகத்திலும் கோட்டுத் துல்லியத்திலும் கவனத்தைக் குவிப்பதைப் பார்க்கும்போது, புதன் இரவைத் தவறவிட்டுவிட்டு வெள்ளி இரவை மதிப்பிடுவது முறையாகாது.

கலிபோர்னியாவிலிருந்து ஹீலோவுக்குப் போட்டியிட வரும் பள்ளிகள் உள்ளன. ஜப்பானில் ஹூலா கற்போர் பெருந்திரளாக உள்ளனர். ஹீலோவின் மழைக்குக் கனிலேஹுவா என்று தனிப்பெயர் இருப்பதுபோல், ஒவ்வோர் ஊரின் மழைக்கும் காற்றுக்கும் பாடல்களில் பெயர் உண்டு. அந்த மழையில் நனையாதவர் அதைக் கையால் எப்படிக் காட்டுவது என்பதே வெளியூர்ப் பள்ளிகளின் கடினமான சிக்கல். பாடலில் வரும் இடத்துக்கே மாணவரை அழைத்துச் சென்று பாடவைக்கும் வழக்கத்தைப் பல ஆசிரியர்கள் கைக்கொள்கின்றனர். தொலைவைக் காரணம் காட்டி இப்பள்ளிகளுக்குச் சலுகை அளிக்க வேண்டும் என்ற வாதத்தை ஏற்க இயலாது. தீவுகளில் பிறந்த வரிசைக்கு எந்த அளவுகோலோ அதுவே இவற்றுக்கும் உரியது, இவற்றின் ஆசிரியர்கள் கேட்பதும் அதைத்தான்.