எமது நிருபர்

ஸ்காபரோவில் பிறந்து, இப்போது தமிழில் எழுதப் பழகும் இளைஞர் ஒருவர் கேட்டார்: "அங்கிள், நிருபன் எண்டால் அரசன் எண்டு அகராதியில கிடக்கு. அப்ப பேப்பர் நிருபர் ஆர், ராசாவோ?"

அகராதி பிழையில்லை. வடமொழி வழிவந்த நிருபன் அரசன்தான். பல்லவன் நிருபதுங்கனின் பெயரில் இருப்பதும் அதுவே. பத்திரிகை நிருபரின் வேர் வேறு. நிருபம் என்றால் எழுத்தில் வந்த ஆணை, கடிதம். பழைய தமிழ் வேதாகமத்தில் பவுல் ரோமருக்கு எழுதியது நிருபம். (பின்வந்த மொழிபெயர்ப்பில் அது திருமுகமாயிற்று.) ஆங்கிலத்துக் கரஸ்பொண்டன்டும் ஆதியில் கடிதம் எழுதியவர்தானே.

இன்று எங்கள் மேடைகளிலும் ஏடுகளிலும் நிருபர் அருகிவிட்டார், எல்லோரும் ஊடகவியலாளர். வானொலி, தொலைக்காட்சி எல்லாவற்றையும் அடக்கும் பயனுள்ள சொல்தான். ஆனால் கலையகத்தில் இருந்து வாசிப்பவரும் சம்பவ இடத்தில் நிற்பவரும் அதில் ஒன்றாகிவிடுகிறார்கள். நிருபரிடம் தொலைவு இருக்கிறது: நாங்கள் இல்லாத இடத்தில் ஒருவர் நிற்கிறார், பார்க்கிறார், எழுதி அனுப்புகிறார். வீரகேசரியில் ஊர்ப் பெயரோடு 'நிருபர்' என்று அடைப்புக்குறிக்குள் கண்டால் போதும், ஆள் யாரென்று நாங்கள் கேட்டதில்லை.

பலரின் பெயரைச் சாவுச் செய்தியில்தான் அறிந்தோம். பிபிசிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்ரோபர் 19 அன்று தன் வீட்டில் கொல்லப்பட்டார். 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று சொல்லப்பட்டது. அவர்கள் சுடப்பட்டதைக் காட்டின 'சுடர் ஒளி'யின் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே மாதம் 24ஆம் திகதி, வேலைக்குப் போகும் வழியில், அவரும் சுடப்பட்டார். அவரை நான் நிருபர் என்றே சொல்வேன்.

அதனால்தான் இங்குள்ள ஏடொன்றில், இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய வன்னிச் செய்தியின் தலையில் 'எமது நிருபர்' என்று கண்டபோது கோபம் வந்தது. அங்கே இவர்களுக்கு யார் நிருபர்?

அந்த இளைஞர் நூலகக் கூட்டமொன்றைப் பற்றி எழுதப்போகிறாராம். கீழே என்ன போடலாம் என்றார்.

"நேர போய்ப் பார்த்து எழுதுவீரோ?"

"ஓம்."

"அப்ப ரொறன்ரோ நிருபர் எண்டே போடும். பக்கத்தில உம்மட பேரையும் போடும்."