கூறாக் கருத்தும் கூட்டிய உம்மையும்

2018ஆம் ஆண்டு நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்புப் பிழைகள் குறித்து வழக்கு எழுந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்க ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அவ்வாண்டே அவ்வாணையை நீக்கியது. அவ்வழக்கில் சுட்டப்பட்ட சொற்பிழைகள் கண்ணுக்குப் புலப்படுபவை. தருக்கத் தேர்வு வினாக்களிலோ சொற்கள் அனைத்தும் சரியாக அமைந்தும் விடை மாறக்கூடும்.

ஒரு கூற்றைத் தந்து, அதில் வெளிப்படக் கூறப்படாமல் கொள்ளப்பட்ட கருத்து எது என வினவுவது இத்தேர்வுகளில் ஒரு வகை. இதில் இரு வேறு கூறுகள் கலந்துவிடுகின்றன. ஒன்று, வாதம் நிலைபெறத் தேவையான கருத்து. இதனை உட்கோள் எனலாம். மற்றொன்று, சொல்லோ இடைச்சொல்லோ தன் இயல்பால் முன்னரே கொண்டுள்ள கருத்து, இது முற்கோள்.

போர்ட் கொச்சியில் அன்றாடம் கேட்கக்கூடிய ஓர் அறிவுரையைக் கொண்டு இதனை விளக்கலாம்:

(1) வைப்பீனுக்கு ஜங்காரில் செல்லலாம்.
(2) வைப்பீனுக்கு ஜங்காரிலும் செல்லலாம்.

தெரிவுகள்: (அ) ஜங்கார் இயங்குகிறது. (ஆ) வேறு வழியும் உண்டு.

(அ)வை மறுத்தால் இரு அறிவுரைகளும் பயனற்றுப் போகும். எனவே அது உட்கோள். (ஆ)வை மறுத்தாலும் (1) நிலைக்கும். 2004இல் திறக்கப்பட்ட கோஸ்ரீ பாலங்கள் வழியே எர்ணாகுளம் சுற்றிச் செல்லலாம் என்பது உள்ளூரார் அறிந்ததே. எனினும் அது தேர்வர் புறத்தேயிருந்து கொணரும் உலகறிவு, கூற்றின் பகுதியன்று. (2)இல் நிலைமை வேறு. இங்குள்ளது எச்ச உம்மை. (ஆ) அதன் முற்கோள். ஆங்கில மூலம் (1)ஐ ஒத்திருக்க, தமிழ் ஓசைக்கு இயைய மொழிபெயர்ப்பாளர் உம்மையைக் கூட்டினால், மூல விடைக்குறிப்பின்படி கூர்ந்து படித்த தேர்வரே மதிப்பெண் இழப்பார். மலையாளத்திலும் உம் இவ்வாறே இயங்குவதால் இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று.

முற்கோளைக் கண்டறிய எதிர்மறைச் சோதனையை மேற்கொள்வது மரபு. உம்மைக்கு அது பொருந்தவில்லை. 'ஜங்காரிலும் செல்ல இயலாது' என்னும்போது பிற வழிகளும் அடைபட்டன என்னும் வேறொரு முற்கோள் தோன்றுகிறது. 'ஜங்காரிலும் செல்லலாமா?' என வினாவாக்கினால் (ஆ) மாறாது நிற்கிறது. ஆகவே தமிழுக்கு வினாச் சோதனையே ஏற்புடையது.

கலைச்சொல்லும் குழப்பத்தை மிகுவிக்கிறது. உட்கோளைக் குறிக்க 'அனுமானம்' என்னும் சொல்லும் ஆளப்படுகிறது. அளவை நூல்களிலோ அது புகையைக் கண்டு நெருப்பை அறிதலாகிய முடிவையே குறிக்கும். வாதத்தின் அடிப்படைக்கும் முடிவுக்கும் ஒரே பெயரிடுதல் தகாது.

தொல்காப்பிய இடையியல் உம்மைக்கு எட்டுப் பொருள் வகுத்து, எச்சத்தை அவற்றுள் ஒன்றாக வைத்தது. அந்நுண்மை வினாத்தாள் மொழிபெயர்ப்பிலும் பேணப்பட வேண்டும். மூலத்தின் விடைக்குறிப்பை அப்படியே ஏற்காது, தமிழ் வடிவத்தை மட்டும் படிப்பவர் ஒருவரைக் கொண்டு விடையை மீள உறுதிசெய்தல் இன்றியமையாதது.