துள்ளிசைத் துணுக்குகள்

மேலைத் தாளக்கட்டில் ஊர்ப் பேச்சுமொழியை இழைத்துப் பாடும் ஈழத்துப் பொப் இசை, அதாவது துள்ளிசை, பாடல்களால் மட்டுமன்றி அவற்றின் ஓரங்களில் ஒட்டியிருக்கும் சில்லறைச் செய்திகளாலும் சேகரிப்பாளரை ஈர்க்கிறது. ‘சுராங்கனி’ 1977இல் இளையராஜாவின் இசையில் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்குள் புகுந்தது பலரும் அறிந்ததாகையால், தேர்ந்த சேகரிப்பாளர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. அப்பாடலால் புகழ்பெற்ற ஏ. ஈ. மனோகரன், செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவலைத் தழுவிய 1978ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் நடித்தவர் என்பதும், அந்நாவலின் களம் நெடுந்தீவு என்பதும் அருகருகே வைக்கப்படும்போதுதான், பொப் மேடைக்கும் பவளக்கல் வேலிகள் நிறைந்த அத்தீவுக்கும் இடையே எதிர்பாராத பாலமொன்று எழுகிறது. இவ்வகைத் துணுக்கே சுவை மிக்கது. இன்னும் தோண்டினால் பைலா தென்படும். ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து பெயர்பெற்ற இந்த ஆட்டப்பாட்டு வகையே ‘சுராங்கனி’யின் தாளத்துக்கு ஊற்றாகும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் நீர் சூழ நிற்கும் கடற்கோட்டையைக் கட்டியவர்களும் அந்தப் போர்த்துக்கேயரே. கோட்டையைப் பின்னர் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டனர், தாளத்தையோ எவராலும் பிடுங்க முடியவில்லை.